மாமியார் கார், மாப்பிள்ளை கார்

பழைய காருக்கு அம்மா வைத்த பெயர் மாமியார். புதிய காருக்கு மாப்பிள்ளை. இரண்டுமே அவளுடையவை அல்ல, ஒரு பல் டாக்டருடையவை. ஆனால் வாங்கியவருக்குச் சொந்தம், ஓட்டுகிறவருக்குப் பெயர் வைக்கும் உரிமை என்பது அம்மாவின் கட்சி. டாக்டரும் அதை ஒப்புக்கொண்டிருந்தார்.

வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். ரெண்டுல எது நல்ல வண்டி? அம்மாவின் பதிலும் ஒன்றேதான்.

"மாமியார் எதையும் மனசுல வெச்சுக்க மாட்டா. காலையில எழுப்பினா இருமுவா, முனகுவா, திட்டுவா. ஆனா எங்க வலிக்குதுன்னு அவளே சத்தம் போட்டுச் சொல்லிடுவா. மாப்பிள்ளை அப்படி இல்ல. எப்பவும் சிரிச்ச முகம். கேக்கறதுக்கு முன்னாடி செஞ்சு குடுத்துடுவான். உள்ளுக்குள்ள என்ன நெனைக்கிறான்னுதான் தெரியாது. ஒரு நாள் திடீர்னு ஒரு விளக்கைப் போட்டுட்டு நின்னுடுவான். என்னப்பான்னா, கம்பெனில பேசிக்கோங்கம்பான்."

நான் வேலை செய்வது பிரேக் சோதனைக்கூடத்தில். இந்த இரண்டு வண்டிகளையும் ஒப்பிடச் சொன்னால் என்னிடம் எண்கள் உண்டு. எடை, நிற்கும் தூரம், பிரேக் டிரம்மின் வெப்பம். அம்மாவின் பதிலில் இருப்பது அந்த எண்களில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். ஓட்டுவதை நிறுத்திய பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாள். அந்த வருடத்தைப் பற்றி எழுத இன்னும் என்னால் ஆகவில்லை. நிறுத்திய நாளைப் பற்றி எழுத முடியும். அதற்கு முதலில் அவள் ஓட்டத் தொடங்கியதைச் சொல்ல வேண்டும்.

மாமாவுக்குச் சலவைக் கடை இருந்தது. நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா போய்விட்டதால், அம்மா தன் தம்பியின் டெலிவரி வேனை ஓட்டினாள். ஹோட்டல் விரிப்புகள், கிளினிக் துண்டுகள், டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள். அப்படித்தான் ஒரு நாள் பல் கிளினிக்குக்குத் துணி மூட்டையோடு போயிருக்கிறாள். வாசலில் வழியை மறித்து ஒரு பெரிய பழைய கார் நின்றது. வெண்ணெய் நிறம், உருண்டை விளக்குகள், அம்மாவைவிட வயதில் மூத்தது. உள்ளே டாக்டர். அன்றுதான் வாங்கியிருந்தார். வண்டி ஒரு குதி குதிக்கும், அணையும். மறுபடி கிளப்புவார், மறுபடி ஒரு குதி. நோயாளிகள் படியில் வரிசையாக நின்று பார்த்தார்கள். வாயில் பஞ்சு இருந்ததால் யாராலும் சிரிக்க முடியவில்லை.

"டாக்டர், கொஞ்சம் நகருங்க. மூட்டை கனக்குது."

"நானா நகர மாட்டேங்கறேன்? இதுதாம்மா நகர மாட்டேங்குது. உனக்குத் தெரிஞ்சா நீயே எடுத்துடு, புண்ணியமாப் போகும்."

மாமாவின் வேனிலும் கியர் ஸ்டியரிங் தண்டிலேயேதான் இருந்தது. அம்மா டாக்டரைப் பக்கத்து இருக்கைக்கு நகர்த்தி, மூட்டையை அவர் மடியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஓரமாக நிறுத்தினாள். எப்படி என்று டாக்டர் கேட்டார்.

"நீங்க கிளட்சுல இருந்து காலைச் சட்டுனு எடுக்கறீங்க, பல்லைப் பிடுங்கறாப்ல. தூங்கற குழந்தை தலைக்கு அடியில இருந்து கையை எடுப்போமே, அப்படி எடுக்கணும்."

டாக்டருக்குக் கடைசிவரை அது வரவில்லை. முதலில் அரை நாள் வேலைக்கு அம்மாவை அழைத்தார். பிறகு முழு நாள். மாமா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. "வேனை விட்டுட்டு வெண்ணெய்க் கட்டியை ஓட்டப் போயிட்டா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் அந்தக் காரைச் சும்மா நிறுத்தி வைக்காமல் வாடகைக்கு விட்டார். விளம்பரப் படம் எடுப்பவர்கள், பெரிய ஹோட்டல்களின் விருந்தினர்கள், ஓய்வுபெறும் நாளில் ஒரு தடவையாவது இதில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படும் அதிகாரிகள். அம்மா குள்ளம். ஸ்டியரிங்குக்கு மேல் தலை தெரிய ஒரு தலையணை போட்டுக்கொள்வாள். குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்து, எஞ்சின் சத்தம் ஒழுங்காகும்வரை காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். முதல் கியர், வண்டி முழுதாக நின்றால்தான் விழும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக்கூடாது. டிரம் சூடாகிவிட்டால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டாவது கியரில் போட்டு இறக்குவாள். அவள் ஓட்டும்போது பின்சீட்டில் வைத்த தண்ணீர்க் குவளை தளும்பாது. இது பேச்சுக்குச் சொல்வதல்ல. நான் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

கிளினிக்கை விற்ற பிறகு டாக்டர் புதிய காரை வாங்கினார். "வாழ்நாள் பூரா அடுத்தவங்க வாயைப் பார்த்தாச்சு. இனிமே கொஞ்சம் ரோட்டைப் பார்க்கறேன்." சாம்பல் நிறம். இரண்டே இருக்கைகள். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். கிளட்ச் பெடல் கிடையாது. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட, மாமியார் ஒரு தடவை இருமும் நேரம் போதும். தரையோடு தரையாக இருக்கும். "ஏறும்போது விழணும், எறங்கும்போது பொறக்கணும்" என்பாள் அம்மா.

வந்த புதிதில் ஒரு தவறு நடந்தது. இரண்டு வண்டிகளையும் ஒரே நாளில் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் வரும் தவறு. காலையில் மாமியாரை ஓட்டிவிட்டு மதியம் மாப்பிள்ளையில் டாக்டரை அழைத்துப் போனாள். சிக்னல் வந்தது. இடது கால் வழக்கம்போலக் கிளட்சைத் தேடியது. அங்கே இருந்தது அகலமான பிரேக் பெடல். பழைய கிளட்சுக்கு வேண்டிய பலம் முழுவதும் அதன்மேல் இறங்கியது. வண்டி மூக்கைக் குத்தி நின்றது. டாக்டரின் மூக்குக்கண்ணாடி பறந்து போய் வண்டியின் முன்கண்ணாடியில் மோதியது.

"ஏம்மா, எனக்கே பல்லு போயிருக்கும்!"

"போனா நீங்களே கட்டிக்கலாமே, டாக்டர்."

அன்றிலிருந்து மாப்பிள்ளையில் ஏறுமுன் இடது காலின் ஷூவைக் கழற்றிவிடுவாள். ஷூ இல்லாத காலுக்குத் தான் சும்மா இருக்க வேண்டும் என்று தெரியும். தவறு மறுபடி நடக்கவில்லை. வலது காலில் ஷூவும் இடது காலில் வெறும் காலுறையுமாக அவள் இறங்கி வருவதைப் பார்த்து ஹோட்டல் வாசல்காரர்கள் சிரிப்பார்கள். "மாப்பிள்ளை வீட்டுல ஒரு காலாவது மரியாதையா இருக்க வேண்டாமா?" என்பாள்.

இப்படியே பல வருடங்கள் போயின. பிறகு டாக்டர் தன் பெரிய வீட்டை விட்டு அடுக்குமாடிக்கு மாற முடிவு செய்தார். அங்கே ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒண்ணைத்தான் வெச்சுக்க முடியும். எதுன்னு நீதாம்மா சொல்லணும். ஞாயித்துக்கிழமை ரெண்டையும் ஒரே ரோட்ல ஓட்டு. நீ சொல்றதுதான் முடிவு."

அம்மா மாமியாரைத்தான் சொல்வாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த வாரம் நான் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். ரயில் நிலையத்துக்கு அம்மா பழைய காரில் வந்து அழைத்துப் போனாள். கிளம்பும்போது வண்டி ஒரு குதி குதித்தது. லேசான குதிதான். வேறு யார் ஓட்டியிருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன்.

மறுநாள் வண்டிகள் நிற்கும் ஷெட்டுக்குப் போய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கிளட்ச் பெடலின் நெம்புகோல் மாற்றப்பட்டிருந்தது. பழையதைவிட நீளமானது. நீளம் கூடினால் பெடல் இலகுவாகும். பதிலுக்கு அதிக தூரம் மிதிக்க வேண்டும். எப்போதும் வாயில் டார்ச் லைட்டைக் கடித்துக்கொண்டே வேலை செய்வதால் எங்கள் மெக்கானிக்குக்கு டார்ச் என்றே பெயர். அவரிடம் கேட்டேன். அவர் டார்ச்சை வாயிலிருந்து எடுக்கவே யோசித்தார்.

"அக்காதான் கேட்டாங்க. பெடல் கனமா இருக்குன்னாங்க."

"இத்தனை வருஷம் இல்லாம இப்பவா கனமாச்சு?"

"என்னைக் கேட்டா? அக்காவைப் போய்க் கேளு. நான் அடி வாங்க முடியாது."

மாலை சமையலறையில் அம்மா நடப்பதைப் பார்த்தேன். இடது பாதத்தின் முன்பகுதி மேலே எழவில்லை. தரையில் கிடந்த கால்மிதியின் ஓரம் ஒவ்வொரு தடவையும் காலில் சுருண்டது. அதைக் குனிந்து சரிசெய்வதுபோல நடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"எது?"

"அம்மா."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருந்தாள், எனக்குச் சொல்லாமல். நரம்பு நோய். பெயரைச் சரியாகச் சொன்னாள். காலில் ஆரம்பித்துக் கைக்கு வரும், பிறகு மற்ற இடங்களுக்கும் வரும். எவ்வளவு வேகமாக என்று யாரும் சொல்லவில்லை. கிளட்ச் வண்டியை மட்டும் விட்டுவிடச் சொன்னார்களாம்.

"மாப்பிள்ளைக்கு எடது காலே வேண்டாம்டி" என்றாள். "ஞாயித்துக்கிழமை அதையே வெச்சுக்கச் சொல்லிடுவேன். வேலை அதுபாட்டுக்கு ஓடும்."

"டாக்டர்கிட்ட காலைப் பத்திச் சொல்லிடு."

"சொன்னா பாவம் பார்த்து வீட்டுல உக்காரச் சொல்வார். உக்கார்ந்து? ஜன்னல்ல நின்னுக்கிட்டு உன் போனுக்குக் காத்துட்டு இருக்கணும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்டி. மத்ததெல்லாம் ஏதோ தெரியும், அவ்வளவுதான்."

"ரொம்ப நாளைக்கு மறைக்க முடியாதும்மா."

"மறைக்கல. ஞாயிறு வரைக்கும் தள்ளிப் போடறேன். நீ வாயை மூடிட்டு இரு."

மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிறு காலை முதலில் மாப்பிள்ளை. இரண்டே இருக்கைகள் என்பதால் டாக்டரும் அம்மாவும் மட்டும் போனார்கள். டார்ச்சும் நானும் ஷெட் வாசலில் காத்திருந்தோம். கடைத்தெரு, ஆஸ்பத்திரி ஏற்றம், புறவழிச்சாலை, திரும்பி ஷெட். போன வேகத்தில் வந்துவிட்டார்கள். அம்மா கதவின் மேல்விளிம்பைப் பிடித்து உடம்பை மேலே இழுத்துக்கொண்டு இறங்கினாள். முகம் தெளிவாக இருந்தது.

"ஒரு குத்தமும் இல்ல. இதையே வெச்சுக்கோங்க, டாக்டர்."

டாக்டர் இன்னும் உள்ளேயே கிடந்தார். டார்ச் அவருக்குக் கை கொடுத்து வெளியே எடுத்தார்.

"மாமியாரை ஓட்டவே இல்லையே? அதுக்குள்ளயேவா?"

"அதை எனக்குத் தெரியாதா? மழையில இது வழுக்காது. சட்டுனு நிக்கும். இடிச்சாலும் உள்ள இருக்கறவங்களைக் காப்பாத்தும். அவளுக்கு ஒரு போல்ட் வேணும்னா டார்ச் ஊர் ஊரா அலையறார்."

சொன்னது ஒவ்வொன்றும் சரி. என் சோதனைக்கூடத்து அறிக்கையில் அப்படியே போட்டுக் கையெழுத்திடலாம். ஆனால் டாக்டர், சொந்தத் தங்கை கட்சி மாறிவிட்டதுபோல அவளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"சரி. உன் வாக்குதான். ஆனா விக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு தடவை அதுல கூட்டிட்டுப் போ. கடைசியா ஒரு சுத்து."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன்.

"நீ பிரேக்கை ஒடச்சுப் பார்க்கறதுக்குச் சம்பளம் வாங்கறவ" என்றார் டாக்டர். "பேசாம பின்னாடி ஏறு."

அம்மா தலையணையைத் தட்டிப் போட்டு ஏறினாள். இடது முழங்காலுக்கு அடியில் கையைக் கொடுத்து, பாதத்தைத் தூக்கிப் பெடலின்மேல் வைத்தாள். டாக்டர் ஜன்னல் கண்ணாடியை இறக்குவதில் மும்முரமாக இருந்தார், பார்க்கவில்லை. கடைத்தெரு சமதளம். இரண்டாவது கியரிலேயே கிளப்பி, எங்கும் முழுதாக நிற்காமல், முன்னால் போகும் வண்டிகளோடு இடைவெளி விட்டு ஊர்ந்தாள். எவ்வளவு தூரத்துக்கு முன்பே அவள் யோசிக்கிறாள் என்பது பின்சீட்டிலிருந்து தெரிந்தது. ஒவ்வொரு சிக்னலும் பச்சையாகும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரி ஏற்றத்தின் நடுவில் ஒரு பஸ் நின்றது. அதற்குப் பின்னால் நாங்களும் நிற்க வேண்டியதாயிற்று. எங்களுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டிய பெண்ணின் முன்னால் ஒரு சின்னக் குழந்தை ஹாண்டிலைப் பிடித்து நின்றுகொண்டிருந்தது. பஸ் நகர்ந்தது. அம்மா முதல் கியரைப் போட்டாள். ஒரு கை கியரில். மறு கை தொடைக்கு அடியில். ஸ்டியரிங்கில் கை இல்லை, ஹாண்ட்பிரேக்கை விடுவிக்கவும் கை இல்லை. முழங்கையால் ஸ்டியரிங்கைத் தாங்கிக்கொண்டு ஹாண்ட்பிரேக்கை விடுவித்தாள். வண்டி குதித்து அணைந்தது. ஒரு சாண் பின்னால் உருண்டது. ஸ்கூட்டர்காரி ஹாரன் அடித்தாள்.

"என்னாச்சும்மா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல."

மறுபடி கிளப்பினாள். மறுபடி குதித்து அணைந்தது. இந்தத் தடவை இரண்டு சாண். பின்னால் அந்தப் பெண் ஸ்கூட்டரைக் காலால் தள்ளிப் பின்னுக்கு எடுக்கப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு வண்டி. இடமில்லை.

அம்மா பின்பார்வைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஹாண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, சாவியை மறுபடி திருகாமல் கையை எடுத்துவிட்டாள்.

"டாக்டர், என் எடது கால் வேலை செய்யல."

"மரத்துப் போச்சா? கொஞ்சம் தேய்ச்சு விடு."

"மரத்துப் போகல. போயிடுச்சு. இனிமே வராதாம். ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க."

டாக்டர் அவள் காலைக் குனிந்து பார்த்தார். பல் டாக்டர்தான், ஆனாலும் டாக்டர். அந்தப் பாதம் பெடலிலிருந்து நழுவிக் கிடந்த விதத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நோயின் பெயரை அவரே சொல்லி, அதுவா என்று மெதுவாகக் கேட்டார். அம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அப்ப மாப்பிள்ளையை வெச்சுக்கோங்கன்னு சொன்னது?"

"அதுக்கு எடது கால் வேண்டாம்ல. அதான்."

"பொய்யா சொன்னே?"

"சொன்னது ஒண்ணும் பொய்யில்ல. சொல்லாதது ஒண்ணு இருந்துச்சு."

பின்னால் ஹாரன்கள் கூடின. டாக்டர் காதில் எதுவும் விழவில்லை.

"சரி, போகட்டும் விடு. அதையே வெச்சுக்கலாம். அதுல நீ ஓட்டு. யாரு வேண்டாங்கறா?"

இதைத்தான் அம்மா விரும்பினாள். இதற்காகத்தான் ஒரு வாரமாகக் கால்மிதியோடு மல்லுக்கட்டினாள். கையில் வந்து விழுந்துவிட்டது. அவள் கண்ணாடியில் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். அது நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல, டாக்டர். கால்ல வந்தது கைக்கும் வருமாம். எந்த நாள்னு சொல்லிட்டு வராது. மாமியாரை ஓட்டறப்ப அது வந்தா ரெண்டு சாண் பின்னாடி உருள்வோம். மாப்பிள்ளையை ஓட்டறப்ப வந்தா எங்க போய் நிப்போம்?"

டாக்டர் இறக்கிய ஜன்னல் கண்ணாடியை மறுபடி ஏற்றினார்.

"அதையே வெச்சுக்கோங்க. அந்த முடிவுல ஒண்ணும் மாத்தமில்ல. நீங்களே ஓட்டுங்க."

"நானா?"

"அதுக்கே ஓட்டத் தெரியும். நீங்க உக்கார்ந்தாப் போதும்."

டாக்டர் இப்போது அதைத் தானே ஓட்டுகிறார். சைக்கிள்கள் அவரைத் தாண்டிப் போகின்றன.

அம்மா கதவைத் திறந்து இறங்கினாள். காரின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு பின்கதவுக்கு நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் இடது பாதம் தார்ச்சாலையில் சொத்தென்று விழுந்தது. ஸ்கூட்டர்காரி ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டாள். நான் இறங்கி முன்னால் போனேன். தலையணையை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன்.

"எனக்கெதுக்கு? டாக்டர் மடியில போடு. பயப்படுவார், பிடிச்சுக்கட்டும்."

டாக்டர் உண்மையிலேயே அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் அந்த வண்டியை அதற்கு முன் ஓட்டியதே இல்லை. சோதனைத் தடத்தில் எவ்வளவோ ஓட்டியிருக்கிறேன். அங்கே பின்னால் குழந்தை நிற்காது. சாவியைத் திருகினேன். பெடல் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போனது. பின்சீட்டிலிருந்து ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. எஞ்சின் சத்தம் கொஞ்சம் தாழும்வரை காலை மெதுவாக விட்டேன், பிறகு ஹாண்ட்பிரேக்கை விட்டேன். ஒரு குதி. அணையவில்லை. வண்டி ஏறத் தொடங்கியது.

ஏற்றத்தின் வளைவு வந்தது. பின்னால் ஜன்னல் கண்ணாடியை இறக்கும் சத்தம் கேட்டது.

"ஏண்டி, இங்க நீச்சல் குளம் இருக்கா?"

கம்பி வேலிக்கு அப்பால் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒவ்வொருவராகக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"அது கட்டிப் பல வருஷமாச்சேம்மா" என்றார் டாக்டர். "நாம தெனமும் இந்த வழியாத்தானே போறோம்?"

"நான் எங்க பார்த்தேன்?"

அம்மா ஜன்னலில் இரண்டு கைகளையும் வைத்து முகத்தை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பார்வைக் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். பிறகு அவள் பார்த்த பக்கம் திரும்பினேன்.

"நீ இந்தப் பக்கம் பார்க்காத. ரோட்டைப் பாரு."